ஆடி மாதத்து மண்டபத்தில் ஒரு ரேஸ் கார்

கார் எவ்வளவு தாழ்வாக நிற்கிறதோ அவ்வளவு வேகமாக ஓடும் என்று நானும் மச்சானும் நம்பினோம். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற வழியில், சின்னதாக ஒரு கார் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறான். நான் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பிரஷர் மீட்டர், டெம்பரேச்சர் மீட்டர் எல்லாம் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கிற வேலையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கள் ரெண்டு பேருக்கும் கை சும்மா இருக்காது. அந்தக் கைகளில் வந்து மாட்டியது அந்தக் கார்.

சிதம்பரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் ஓடித் தேய்ந்த கார் அது. என் மனைவி அங்கேதான் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறாள். அவள் பிறந்த ஊரும் சிதம்பரம்தான். கல்யாணமாகிக் கடலூருக்கு வந்த பிறகும் தினமும் காலையில் பஸ் பிடித்து அங்கே போய் வருகிறாள். ஸ்கூலுக்குப் புதுக் கார் வந்ததும் பழையதைக் காயலான் கடைக்குத் தள்ளப் போகிறார்கள் என்று தெரிந்து, அவளே பேசி அதை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டாள். கற்றுக்கொடுப்பவர் மிதிப்பதற்கென்று இடது பக்கம் தனியாக ஒரு பிரேக் பெடல் இருந்தது. மச்சான் அதைக் கழற்றிக் கீழே போட்டபோது அவள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நாளெல்லாம் இதும் மேல காலை வெச்சினு அடுத்தவங்க பயத்தையே பாத்துனு இருக்கேன். ஒரு நாளாவது நான் ஓட்டணும்ங்க" என்றாள்.

பந்தயத்தில் ஓட்டப் போவது யார் என்று எங்களுக்குள் சண்டையே வரவில்லை. குறிஞ்சிப்பாடிப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் தரிசு நிலத்தில் பழைய டயர்களைப் போட்டு ஒரு பாதை மாதிரி செய்து, மூன்று பேரும் ஓட்டிப் பார்த்தோம். மச்சான் பாதி டயர்களை இடித்துத் தள்ளினான். நான் ஒன்றையும் இடிக்கவில்லை; ஆனால் நான் சுற்றி வருவதற்குள் மச்சான் ஒரு டீ குடித்து முடித்திருந்தான். அவள் ஏறினாள். கதவைச் சாத்தினாள். கண்ணாடியைச் சரிசெய்தாள், ஸ்கூலில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதைப் போலவே சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். அப்புறம் நாங்கள் பார்த்ததெல்லாம் புழுதிதான். அந்தப் புழுதிக்குள்ளிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

முதல் பந்தயத்துக்கு நானும் மச்சானும் காரை அலங்காரம் பண்ணுகிற மாதிரி தயார் செய்தோம். ஸ்பிரிங்கின் மேல் சுற்றை அறுத்து எடுத்துவிட்டோம். கார் அப்படியே உட்கார்ந்துகொண்டது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையாது. பார்க்க அவ்வளவு அழகு. மச்சான் அதை எல்லாப் பக்கமும் நின்று போட்டோ எடுத்தான்.

பந்தயம் என்றால் பெரிய டிராக் எல்லாம் இல்லை. மண் தரையில் கோன் வைத்துப் பாதை போட்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார்களோ அவர்கள் ஜெயிப்பார்கள். எங்களைப் போல வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஆசைக்கு ஓட்டுகிறவர்கள்தான் எல்லாரும். அன்றைக்கு எங்கள் கார் ஒவ்வொரு சின்ன மேட்டிலும் தவளை மாதிரி குதித்தது. திருப்பத்தில் உள்பக்கத்துச் சக்கரம் அந்தரத்தில் சுற்ற, இஞ்சின் மட்டும் ஊளையிட்டது. முடித்துவிட்டு வந்து அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"உரல்ல போட்டு இடிச்ச மாதிரி இருக்குங்க. ஸ்டியரிங்க திருப்பறேன், கேக்கவே மாட்டேங்குது. சக்கரம் தரையில இருந்தாதானே அது கேக்கும்?"

மச்சான் தலையைச் சொறிந்தான். "ஆனா பாக்க சூப்பரா இருந்துச்சுக்கா."

அதற்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அதன் பிறகுதான் நாங்கள் ஒழுங்காக உட்கார்ந்து படித்தோம், வீடியோ பார்த்தோம், ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டினோம். கடைசியில் புரிந்த விஷயம் ரொம்ப எளிது. சக்கரத்துக்கு மேலே போகவும் இடம் வேண்டும், கீழே இறங்கவும் இடம் வேண்டும். மேட்டில் ஏறும்போது சக்கரம் மேலே போகிறது; பள்ளத்திலும் திருப்பத்திலும் கீழே தொங்குகிறது. ஷாக் அப்சார்பர் மொத்தமாக எவ்வளவு தூரம் நீளும், சுருங்கும் என்பது முன்பே முடிவான கணக்கு. கார் சும்மா நிற்கும்போது அந்தத் தூரத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத்தான் நாம் முடிவு செய்ய முடியும். நாங்கள் காரை இறக்கி இறக்கி, மேலே போகிற இடத்தை முழுசாகத் தின்றுவிட்டிருந்தோம். சக்கரம் போக இடமில்லாமல், முடிவில் இருக்கிற தடுப்பு ரப்பரில் போய் இடித்தது. இடித்த வேகத்தில் கார் துள்ளியது.

மச்சான் ஷாக்கைச் சுற்றி மரை போட்ட ஒரு குழாயை மாட்டினான். ஸ்பிரிங் உட்காருகிற வளையம் அந்த மரையில் ஏறும், இறங்கும். வளையத்தை மேலே திருகினால் அந்த மூலையில் கார் உயரும். கீழே திருகினால் தாழும். நாலு சக்கரத்துக்கும் தனித்தனியாக. அதை முடித்துவிட்டு அவன் போட்ட ஆட்டத்தைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த வேலை எனக்குப் பிடித்த வேலை. ஸ்பிரிங்கை மட்டும் கழற்றிவிட்டு ஷாக்கைத் திரும்ப மாட்டி, சக்கரத்தை அடியிலிருந்து ஜாக்கியால் மெல்ல மெல்லத் தூக்கினோம். முழுசாகத் தொங்குவதிலிருந்து முழுசாக மேலே போவது வரை ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, எது எதில் உரசுகிறது, எது இழுபடுகிறது என்று பார்த்தோம். தொங்கவிட்டு ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக ஒடித்தபோது பிரேக் ஆயில் போகிற ரப்பர் ஹோஸ் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. நல்லவேளை, ஓடும்போது தெரிந்துகொள்ளவில்லை. நீளமான ஹோஸ் மாட்டினோம். டயர் மட்கார்டின் உள்ளே எங்கே உரசுகிறது என்று பார்க்க என் மனைவிதான் வழி சொன்னாள். வீட்டிலிருந்து மஞ்சள்தூளை எடுத்து வந்து தண்ணீரில் குழைத்து உள்பக்கம் முழுக்கப் பூசினாள். சக்கரத்தைத் தூக்கித் திருப்பி இறக்கினால், டயரில் எங்கே மஞ்சள் ஒட்டியிருக்கிறதோ அதற்கு நேர் மேலே உரசல். அந்த இடத்துத் தகரத்தை மச்சான் சுத்தியலால் மடித்து விட்டான். நாலு பக்கமும் முடிப்பதற்குள் எங்கள் மூன்று பேர் கையும் கல்யாண வீட்டுக் கை மாதிரி ஆகிவிட்டது.

இனிமேல் ஸ்பிரிங்கை மாட்டி உயரத்தை வைக்க வேண்டியதுதான். அங்கேதான் சிக்கல். உயரம் அளப்பதற்குத் தரை மட்டமாக இருக்க வேண்டும். மச்சானின் ஒர்க் ஷாப் தரை சாக்கடைப் பக்கம் சரிந்து போகிறது. எங்கள் தெருவைப் பற்றிப் பேசவே வேண்டாம். கொத்தனார்கள் வைத்திருக்கிற டியூபில் தண்ணீர் விட்டு எங்கெங்கோ மட்டம் பார்த்தோம். தெரிந்தவர்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடம், ஒரு பழைய அரிசி மில், ஒரு ஷட்டில் கோர்ட். எல்லாம் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. உலகத்தில் மட்டமான தரையே கிடையாது போல என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

வழி காட்டியது என் மாமனார். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். நல்ல ஆகிருதி, அதற்கேற்ற குரல். மகள் ரேஸ் ஓட்டுகிறாள் என்று முதலில் கேள்விப்பட்டதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஹெல்மெட் போடுவியா?" போடுவேன் என்றாள். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டார்.

"மாப்ள, கல்யாண மண்டபத்துத் தரை எப்படி?" என்றார் போனில். "நம்ம தோஸ்த்து ஒருத்தன் சிதம்பரத்துல மண்டபம் மேனேஜரா இருக்கான். இப்ப ஆடி மாசம். மண்டபம் ஈ ஓட்டினு கெடக்குது."

போய் டியூபை வைத்துப் பார்த்தேன். சாப்பாட்டு ஹால் தண்ணீர் ஓடுவதற்காகச் சரித்துக் கட்டப்பட்டிருந்தது. ஆனால் மேடைக்கு முன்னால் இருந்த பெரிய ஹாலில், இந்த முனையில் டியூபின் ஒரு வாய், அந்த முனையில் இன்னொரு வாய், ரெண்டிலும் தண்ணீர் ஒரே கோட்டில் நின்றது. இன்னொரு முறை பார்த்தேன். அதே கோடு. கிரானைட் பளபளவென்று இருந்தது. எனக்கு அந்தத் தரையில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது.

மேனேஜர் கண்டிஷன் போட்டார். "ஒரு சொட்டு ஆயில் தரையில விழக்கூடாது. உள்ள இஞ்சின ஸ்டார்ட் பண்ணக்கூடாது. செருப்போட வரக்கூடாது."

ஒரு வாரநாள், நான் லீவு போட்டிருந்தேன். காரைக் கடலூரிலிருந்து கொண்டுவர மச்சானுக்குத் தெரிந்த மீன் லாரி ஒன்றுதான் கிடைத்தது. மண்டபத்து வாசலில் பலகை வைத்துக் காரை இறக்கினோம். மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாயா இது! சைவக் கல்யாணம் நடக்கற எடம்யா இது. மீன் கவுச்சி கொடலப் பொரட்டுது."

என் மனைவி கொஞ்சமும் அசரவில்லை. கடைக்கு ஆள் அனுப்பி சாம்பிராணி வாங்கிவரச் சொன்னாள். காருக்குள்ளும் அடியிலும் நன்றாகப் புகை போட்டாள். தார்ப்பாய் விரித்து, வெறுங்காலோடு நாங்கள் நாலு பேரும் தள்ள, மாப்பிள்ளை வருகிற பெரிய வாசல் வழியாக, சக்கரத்துக்குள்ளெல்லாம் மஞ்சள் தெரிய, சாம்பிராணி மணக்க, எங்கள் கார் மண்டபத்துக்குள் நுழைந்தது.

உயரம் வைக்கும்போது ஓட்டுகிறவர் உள்ளே இருக்க வேண்டும். அவள் எடை ஏறினால்தான் கார் பந்தயத்தில் நிற்கிற மாதிரி நிற்கும். மாமனார் தான் உட்காருகிறேன் என்று ஆசைப்பட்டார்.

"மாமா, நீங்க உக்காந்தா வலது பக்கம் தனியா பூமிக்குள்ள போயிடும்" என்றேன்.

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பெட்ரோல் பந்தயத்தன்று இருக்கிற அளவுக்கு ஊற்றியிருந்தோம். டயர் காற்றையும் நான் சரிபார்த்திருந்தேன். என் மனைவி ஷூ, ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு, பெல்ட்டையும் மாட்டி உட்கார்ந்தாள். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான் அளக்க, மச்சான் வளையத்தைத் திருக, கொஞ்ச நேரம் வேலை மும்முரமாக நடந்தது. அவள் மட்டும் உள்ளே ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து முறுக்கு கேட்டாள்.

"சாப்ட்டா எடை ஏறிடும்க்கா" என்றான் மச்சான்.

"ஏறட்டும். அதுக்கும் சேத்து அளந்துக்கோ."

முன்பக்கம் முடியும் நேரத்தில் மச்சான் என் காதோரம் வந்தான். "மாமா, முன்னாடி ரெண்டு சுத்து எறக்கலாமா? இப்ப ஜாஸ்தி ஒசரமா இருக்குது. ஜீப்பு மாதிரி தெரியுது." அவன் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. எனக்கும் உள்ளுக்குள் அதே ஆசைதான். ரெண்டு சுற்று இறக்கினோம்.

அப்போதுதான் வாசலில் ஆள் அரவம் கேட்டது. ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிற ஒரு குடும்பம் மண்டபத்தைப் பார்க்க வந்திருந்தது. பெண்ணின் அப்பா, அம்மா, கல்யாணப் பெண், கூடவே மாப்பிள்ளையின் பெரியப்பா. வெள்ளை வேட்டியில், தங்க ஃப்ரேம் கண்ணாடியில், பெரியப்பா நேராக எங்கள் காரை நோக்கி வந்தார். மஞ்சளைப் பார்த்தார். சாம்பிராணியை மோந்தார். பெண்ணின் அப்பா பக்கம் திரும்பினார்.

"என்ன சம்பந்தி, காரு குடுக்கறதா சொல்லவே இல்லையே?"

பெண்ணின் அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, இது எங்க காரு இல்லீங்க! இது யாருதுன்னே எனக்குத் தெரியாதுங்க!"

"பழைய காராத்தான் இருக்குது. பரவால்ல, பூஜையெல்லாம் போட்டு வெச்சிருக்கீங்க..."

உள்ளேயிருந்து ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு என் மனைவி எட்டிப் பார்த்தாள். "இது என் காருங்க. ஒசரம் பாத்துனு இருக்காங்க."

பெரியப்பா ரெண்டு அடி பின்னால் போனார். காருக்குள் ஆள் இருப்பதை அவர் அதுவரை கவனிக்கவில்லை. "கல்யாண மண்டபத்துலயாம்மா?"

"தரை மட்டமா இருக்குதுங்க" என்றார் என் மாமனார், அதைவிட இயல்பான காரணம் உலகத்தில் இல்லை என்பது போல.

அப்புறம் பெரியப்பா சிரித்தார் பாருங்கள், காலி மண்டபத்தில் அந்தச் சிரிப்பு எட்டு மூலையிலும் மோதித் திரும்பி வந்தது. பெண்ணின் அப்பா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதன் பிறகு அவரும் சிரித்தார். கல்யாணப் பெண் ஏற்கெனவே காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். இது எதற்கு, அது எதற்கு என்று கேள்வி மேல் கேள்வி. நான் அளவுகோலைக் காட்டி விளக்கினேன்.

வளையத்தைத் திருகிய பிறகு காரை அழுத்தி அழுத்தி விட வேண்டும். இல்லாவிட்டால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு, கார் தன் உண்மையான உயரத்துக்கு வராது. நாலு மூலையையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் நல்லது. எங்களிடம் கைகள் போதவில்லை.

"நாங்க புடிக்கறோம்" என்றாள் அந்தப் பெண்.

முன்னால் ஒரு பக்கம் கல்யாணப் பெண், இன்னொரு பக்கம் அவள் அப்பா. பின்னால் ஒரு பக்கம் என் மாமனார், இன்னொரு பக்கம் வேட்டியை மடித்துக் கட்டிய பெரியப்பா. மச்சான் மேடையில் ஏறி நின்று, "அமுக்கு... வுடு... அமுக்கு... வுடு" என்று குரல் கொடுத்தான். கார் தொட்டில் மாதிரி ஆடியது. உள்ளே என் மனைவி தலை ஆட ஆடச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் தன் தரையைப் பார்ப்பதா, இவர்களைப் பார்ப்பதா என்று தெரியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் மண்டியிட்டு அளந்தேன். முன்பக்கம், இடதும் வலதும் ஒன்று. பின்பக்கமும் அப்படியே. "சரியா இருக்குது!" என்றதும் எல்லாரும் கை தட்டினார்கள். ஷாக்கைப் பற்றி ஒன்றும் தெரியாத பெண்ணின் அம்மாகூட.

போகும்போது அந்தப் பெண் கார் ஜன்னலில் குனிந்தாள். "அக்கா, நானும் ஓட்டக் கத்துக்கலாமா?"

"மொதல்ல கல்யாணம் ஆவட்டும்" என்றாள் அவள் அம்மா.

பெரியப்பா குறுக்கே புகுந்தார். "இப்பவே கத்துக்கட்டும்மா. எங்க புள்ளைக்கு ஸ்கூட்டரத் தவிர ஒண்ணும் ஓட்ட வராது. வூட்டுல ஒருத்தருக்காவது தெரியட்டும்." அடுத்த வாரமே அவள் என் மனைவியிடம் வந்து சேர்ந்துவிட்டாள்.

பந்தயம் புவனகிரிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஒரு திடலில் நடந்தது. மனை போடுவதற்காகச் சமன் செய்து செம்மண் கொட்டிய பெரிய இடம். ஒரு தண்ணி லாரி காலையிலேயே சுற்றிச் சுற்றிப் புழுதியை அடக்கிக்கொண்டிருந்தது. ஆளுக்கு ரெண்டு ஓட்டம். ரெண்டில் எது குறைந்த நேரமோ அதுதான் கணக்கு. கிளம்புவதற்கு முன்னால் முன்பக்கத்து ஷாக் ரெண்டின் தண்டிலும் ஒயர் கட்டுகிற சின்ன பிளாஸ்டிக் கேபிள் டை ஒவ்வொன்று கட்டினேன். ஷாக் சுருங்கும்போது அது தண்டில் தள்ளப்பட்டு, எவ்வளவு தூரம் போனதோ அங்கேயே நின்றுவிடும். ஓடி முடித்து வந்ததும் சக்கரம் எவ்வளவு மேலே போனது என்று பார்த்துக்கொள்ளலாம்.

கொடி அசைவதற்காகக் காத்திருந்தபோது கூட்டத்தில் எல்லாரும் அமைதியாக இருந்தார்கள். என் மாமனார் மட்டும் கையை வாயில் குவித்து, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற குரலில் கத்தினார்: "போலாம் ரைட்!"

அவள் போனாள். நான் இவ்வளவு நாள் பார்த்த கார் இல்லை அது. திருப்பத்தில் சாய்ந்தது, ஆனால் நாலு காலும் தரையில் இருந்தன. ஸ்டியரிங் சொன்னதைக் கேட்டது. மச்சான் என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தான். பாதையின் கடைசிப் பகுதியில், மனைகளுக்கு நடுவே ஒரு கால்வாயை மூடிய இடத்தில் மேடு ஒன்று இருந்தது. கார் அதில் ஏறி, கொஞ்சம் எழும்பி, இறங்கியது. டமால் என்று ஒரு சத்தம். மூக்கு துள்ள, கார் பாதையை விட்டு விலகி, கோன்களை அடித்துக்கொண்டு போய்த் திரும்பியது.

நிறுத்தியதும் நான் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். கேபிள் டை ரெண்டும் தண்டின் கோடி வரைக்கும் தள்ளப்பட்டிருந்தன. மேலே போகிற இடம் முழுசும் தீர்ந்து, இடித்திருக்கிறது.

"ஏங்க, மத்ததெல்லாம் தங்கமா இருக்குது" என்றாள், மூச்சு வாங்க. "அந்த ஒரு எடம் மட்டும்தான். முன்னாடி கொஞ்சம் ஒசத்துங்க."

நானும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"எவ்ளோ எறக்கினீங்க?" என்றாள். ஸ்கூலில் கிளட்ச்சைச் சட்டென்று விடுகிறவர்களை அவள் பார்க்கிற பார்வை.

"ரெண்டே ரெண்டு சுத்துக்கா" என்றான் மச்சான். "அழகுக்காக."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கார் பானட்டில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரு பொம்மை காரு வாங்கித் தரேன். அத வெச்சி அழகு பாருங்க."

அங்கே மட்டத் தரைக்கு எங்கே போவது? ரெண்டு பக்கமும் ஒரே அளவு சுற்றினால் இடது வலது சமன் கெடாது; அதை நம்பித்தான் இறங்கினோம். வெயிலில் மாமனார் துண்டை விரித்து எங்களுக்கு நிழல் பிடித்தார். இறக்கிய ரெண்டு சுற்றோடு இன்னும் ரெண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் அவரே சத்தமாக எண்ணினார், டிக்கெட் எண்ணுகிற கண்டக்டர் மாதிரி. ரொம்பவும் உயர்த்தினால் சக்கரம் கீழே தொங்குவதற்கு இடம் போதாது, திருப்பத்தில் முன்சக்கரம் பிடியை விடும். அதனால் அதோடு நிறுத்தினேன். கேபிள் டையைத் திரும்பத் தண்டின் அடிக்குத் தள்ளி வைத்தேன். எட்டி நின்று பார்த்தால் கார் உண்மையிலேயே ஜீப்பு மாதிரிதான் இருந்தது.

ரெண்டாவது ஓட்டத்தில் முதல் திருப்பத்திலேயே முன்பக்கம் லேசாக வெளியே வழுக்கியது. அவள் அடுத்த திருப்பத்துக்கு முன்னால் கொஞ்சம் சீக்கிரமாகவே பிரேக்கைத் தொட்டு, எடையை முன்னால் கொண்டுவந்து, காரை மடக்கிப் போட்டாள். அவ்வளவுதான், அதற்கப்புறம் அவளும் காரும் சேர்ந்து ஒன்றாகிவிட்டார்கள். மேடு வந்தது. கார் ஏறியது, எழும்பியது, "துப்" என்று ஒரு சின்னச் சத்தத்தோடு உட்கார்ந்தது. துள்ளவில்லை. விலகவில்லை. காலைத் தரையில் ஊன்றி நேராக ஓடியது.

என் தொண்டையிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று எனக்கே தெரியாது. மச்சான் என்னைத் தூக்கிவிட்டான்.

சின்ன கார்களின் பிரிவில் வெகு நேரம் அவள் நேரம்தான் முதலில் நின்றது. கடைசிக்கு முன்னால் ஓடிய சேத்தியாத்தோப்புக்காரர் ஒருவர் அதைக் கொஞ்சத்தில் தாண்டிவிட்டார். அவர் டிராக்டர் ரிப்பேர் பார்க்கிறவராம். பரிசு கொடுக்கும் முன்னால் அவரே எங்களிடம் வந்து, அனுமதி கேட்டு, எங்கள் காருக்கு அடியில் படுத்துவிட்டார். நானும் பக்கத்தில் படுத்தேன். கேபிள் டை கோடிக்கு ஒரு விரல் அகலம் முன்னால் நின்றிருந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்து, "அழகா வெச்சிருக்கீங்க சார்" என்றார். மண்ணில் படுத்தபடியே ரெண்டு பேரும் ஷாக்கைப் பற்றி ஆசை தீரப் பேசினோம். என் மனைவி பரிசு வாங்க மேடை ஏறியபோது, அடியிலிருந்து அவள் ஷூ மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அடித்துப் பிடித்து வெளியே வந்தேன். ரெண்டாம் பரிசுக் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கி நின்றாள். முகம் முழுக்கச் செம்மண், பல் மட்டும் வெள்ளை. என் மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புழுதி விழுந்துவிட்டதாகச் சொன்னார்.

காரை லாரியில் ஏற்றி மச்சானோடு கடலூருக்கு அனுப்பிவிட்டு, நானும் அவளும் மாமனாரும் சிதம்பரத்தில் ஒரு ஓட்டலில் இட்லியும் கொத்சும் சாப்பிட உட்கார்ந்தோம். சாயங்காலக் கூட்டம். கை கழுவியிருந்தோமே தவிர, சட்டை, தலைமுடி, காது மடல் எல்லாம் செம்மண். பரிமாற வந்தவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு எங்கள் மேல் ஒரு பரிவு வந்துவிட்டது போல. சொல்லாமலே ஆளுக்கு ஒரு இட்லி கூடுதலாக வைத்தார்.

"நடவு வேலைங்களா?" என்றார்.

"இல்லீங்க, உழவு" என்றாள் என் மனைவி, முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல். "இன்னும் கொஞ்சம் கொத்சு ஊத்துங்க."